மேளம் நின்ற தெரு

அம்மன் ஊர்வலம் ஒரு தள்ளுமுள்ளுகூட இல்லாமல் முடிந்த மறுநாள் காலை, ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்போது நான் துணை வட்டாட்சியர். அமைதியாக நடந்த திருவிழாவுக்குப் புகார் வந்தது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

1. நிபந்தனை

அந்த ஊரில் அம்மன் கோயிலும் அந்தோணியார் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன. அம்மன் ஊர்வலம் அந்தோணியார் வாசலைத் தாண்டிப் போகும். அடுத்த வாரம் அந்தோணியார் சப்பரம் அம்மன் வாசலைத் தாண்டி வரும். அனுமதி தருவது காவல்துறை. அதற்கு முன் இரு தரப்பையும் உட்காரவைத்து நிபந்தனைகளை முடிவுசெய்யும் சமாதானக் கூட்டம் எங்கள் பொறுப்பு. கையெழுத்து வாங்கிய பிறகே டீ என்பது அலுவலக வழக்கம். முதலிலேயே கொடுத்தால் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.

மாறுதலில் புதிதாக வந்திருந்த வட்டாட்சியர் மேடம், தம் பழைய ஊரில் பலித்த நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார்: பிற மத வழிபாட்டுத் தலத்தின் முன் மேளத்தை நிறுத்திச் செல்ல வேண்டும். எல்லோரும் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

2. எழவு வீடு

அம்மன் நின்று மேளம் கொட்டிப் போகும் வழக்கப்படி, அந்தோணியார் கோயில்காரர்கள் வாசலில் மாலையோடு காத்திருந்தார்கள். மேளம் நின்றது. அம்மன் சத்தமில்லாமல் கடந்து போனாள்.

மறுநாள் வந்தவர்கள் இருவர்: பாதிரியாருக்குத் துணையாக அந்தோணியார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அருள்சாமி, அம்மன் கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் பெரியதனம் கருப்பையா. ஒரே பைக்கில், வழியெல்லாம் பேசிக்கொள்ளாமல் வந்திருந்தார்கள்.

“எழவு விழுந்த வீட்டு முன்னாலதாம்மா மேளத்த நிப்பாட்டுவாக,” என்றார் அருள்சாமி மேடத்திடம். “எங்க கோயில்ல யாரு செத்தா?”

“நாங்களா நிப்பாட்டுனோம்? கொட்டுனா கேஸு, கொட்டலைன்னா பகை,” என்றார் கருப்பையா.

சப்பரம் இனி பின்தெரு வழியாகப் போகும் என்று அருள்சாமி சொன்னதும் கருப்பையாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் திக்கென்றது. வருவாய்த் துறையில் ஒருமுறை நடந்துவிட்டால் அது மாமூல், அதாவது நிலைத்த வழக்கம். அடுத்த ஆண்டு நாங்களே ‘மாமூல்படி பின்தெரு’ என்று எழுதிவிடுவோம். அதன்பின் அந்தச் சப்பரம் அம்மன் வாசலுக்குத் திரும்பவே திரும்பாது.

3. ஆட்சேபணை

சட்டம் என்ன சொல்கிறது என்று மேடம் கேட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் ‘உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம்’ என்று அரசி அறிவித்தது, ஆள்பவர் காட்டிய பொறுமை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அதை உரிமையாக்கியது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. “அமைதியைக் கெடுக்காத மேளத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு வேலை இல்லை மேடம்,” என்றேன்.

“நிபந்தனையை எடுத்துட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அந்தக் கவலைக்கும் எங்களிடம் மருந்து உண்டு. எதிர்த் தரப்பிடம் எழுதி வாங்குவது. ‘சப்பரம் மேளத்துடன் கடந்து செல்ல ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கருப்பையாவிடம் நீட்டினேன். இம்முறை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஆட்சேபணை இல்லைன்னா, போனாப் போகுதுங்குற மாதிரில்ல சார் இருக்கு. நின்னு கொட்டிட்டுத்தான் போகணும்னு எழுதுங்க.”

அப்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

அருள்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏலே கருப்பையா, அத நீ என்கிட்ட சொல்லுடா. சார்கிட்ட என்னத்துக்குச் சொல்ற?”

கருப்பையா அவர் பக்கம் திரும்பினார். “வந்து நின்னு கொட்டுங்கப்பா,” என்றார்.

சப்பரம் பழைய தெருவிலேயே வந்தது. அம்மன் வாசலில் அனுமதித்த நேரத்தையும் தாண்டிக் கொட்டினார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் சப்பரத்தைப் பார்த்தேன்.

இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்களுக்கு: ஒருவர் மேளத்தை இன்னொருவர் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள். டீயைக் கையெழுத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாதிப்பேர் கிளம்பினால் கிளம்பட்டும். இருப்பவர்களாவது படித்துப் பார்ப்பார்கள்.