கொழும்புக்குப் பிள்ளை கேட்டுப் போனவள்

பிள்ளையைப் படிக்க அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் போகிறவருக்கு, ஒரு வாசலில் பெண் கேட்டு வந்தவருக்குரிய மரியாதை கிடைக்கும், அடுத்த வாசலில் கடன் கேட்டு வந்தவருக்குரிய வரவேற்பு கிடைக்கும். எது எங்கே கிடைக்கும் என்றுதான் முன்கூட்டியே சொல்ல முடியாது.

நான் ஹட்டனில், நஸீர் நானாவின் போட்டோ கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஏ.எல். பரீட்சை பாஸாகியும், இசட் ஸ்கோர் என்ற தரப்புள்ளி கொஞ்சம் போதாமல் அரசாங்கப் பல்கலைக்கழகம் தப்பிப்போன பிள்ளைகளுக்கு, தனியார் கெம்பஸில் எது நல்லது, எது வெறும் பெயர்ப்பலகை என்று சொல்வது என் வேலை. கடையும் ஆபீசும் நானாவுடையது. வாயும் காலும் என்னுடையது.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மழையில் ஏறி, சறுக்கி இறங்கி, மைக் இல்லாமல் கத்தி, கடைசியில் "யோசிச்சுச் சொல்றோம் மிஸ்" என்பதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் நாம். ஆனால் சில நாட்களில் வாயடைத்துப்போய் பஸ் ஏறுவோமே, அப்படிப்பட்ட நாட்கள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஸ்ட்ரைக் இல்லாத கெம்பஸ்

கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டம். கொழும்பு கெம்பஸ் ஒன்றிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் என்னோடு வந்திருந்தார். நல்ல பையன்தான், ஆனால் தேயிலையைப் பெட்டியில் மட்டும் பார்த்தவர். பேச்சின் நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க கெம்பஸ்ல ஸ்ட்ரைக் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். டவுன் பெற்றோர் இதற்குக் கைதட்டுவார்கள். அரசாங்கக் கெம்பஸ் ஸ்ட்ரைக்கால் மாதக்கணக்கில் மூடிக்கிடப்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் அவர்கள். இங்கே ஒரு கை அசையவில்லை.

முன்வரிசையில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மகன் கணக்கியல் படிக்க ஆசைப்படுகிறான் என்று வந்தவர். குடையை மடியில் வைத்துக்கொண்டு, டை தம்பியைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். சண்டை போடப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ சொந்தப் பிள்ளையிடம் கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டார்: "ஏந் தம்பி, ஸ்ட்ரைக்கே கெடையாதுன்னா, அங்க புள்ளைங்களுக்கு ஒரு கொறை வந்தா எப்புடித்தான் கேப்பாங்க?"

தகரக் கூரையின் கீழ்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலை அது. ஏ.எல். ரிசல்ட் வந்த பிள்ளைகளை அதிபர் வரச் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து மழையும் வாயைத் திறந்தது. தகரக் கூரையில் அந்த மழை விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் தும்முவதுகூடக் கேட்காது. போச்சுடா, இன்றைக்கும் தொண்டைதான் மிச்சம் என்று நான் நின்றபோது, பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுந்து, உட்கார்ந்திருந்த வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு நெருக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதே இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

கேள்விகள் வழக்கம்போலத்தான். எதைப் படித்தால் வெளிநாடு போகலாம், எதைப் படித்தால் கொழும்பில் பெரிய வேலை. கடைசியாக, இரட்டைப் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு பிள்ளை எழுந்தது. பெயர் யோகேஸ்வரி, எல்லாருக்கும் யோகா. ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இரத்தம் சோதிக்க டவுனுக்கு ஒரு நாள், சோதனை முடிவை வாங்க இன்னொரு நாள் என்று பஸ் ஏற வேண்டியிருக்கிறது, அந்த ஆய்வுகூட வேலையைப் படிக்கத்தான் எனக்கு ஆசை என்றாள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தப்பியிருந்தது. படிப்பது எங்கே, எவ்வளவு காலம் என்று கேட்பாள் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு: "அதப் படிச்சா திரும்பி இங்கேயே வேலைக்கு வந்துரலாமா மிஸ்?"

எந்த வீட்டுக்கு?

இப்படிப் பிள்ளை கிடைத்தால் நமக்குக் கால் தரையில் நிற்குமா? அடுத்த கிழமையே யோகாவின் தோட்டத்துக்கு ஏறிவிட்டேன். நல்ல புடவை, தோளில் பை, கையில் ஃபைல். வரிசை வீடுகளான லயத்தின் தொங்கலில், கடைசிக் காம்பராதான் அவர்கள் வீடு. அம்மா லெச்சுமி மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அப்பா ஃபெக்டரியில் வேலை. எதைக் கேட்டாலும் "அவ சொல்றதுதாங்க" என்று மனைவியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மனிதர்.

நான் முகமெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்தேன். "அக்கா, உங்க மகளக் கொழும்புக்கு அனுப்புறதப் பத்திப் பேச வந்தேன். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. ஒண்ணுக்கும் பயப்படாதீங்க, நான் பொறுப்பு." சொல்லி முடிப்பதற்குள் லயத்துக் கதவெல்லாம் திறந்துவிட்டது. பெண்கள் இடுப்பில் கைவைத்து வாசலுக்கு வந்தார்கள். மாரிமுத்துக் கங்காணி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வழியை மறித்தாற்போல் நின்றார். என்னடா இது என்று விழித்தபோதுதான் என் வார்த்தைகள் என் காதிலேயே விழுந்தன. ஐயோ சாமி! நானும் டிக்கோயாவில் லயத்தில் பிறந்தவள்தான். நல்ல புடவை கட்டி, பை மாட்டி, தங்க இடம் சாப்பாடு எல்லாம் அங்கேயே என்று சொல்லி, தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் பேசுகிற பேச்சை ஓரெழுத்து விடாமல் பேசி வைத்திருக்கிறேன். லெச்சுமி அக்கா சத்தம்கூடப் போடவில்லை. என் ஃபைலை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எந்த வீட்டுக்குக் கேக்குறீங்க?"

கொழும்பைப் பார்க்காதவர்

விளக்கம் சொல்லி, கெம்பஸ் படங்களைக் காட்டி, யோகாவும் ஓடிவந்து "அம்மா, இவங்க படிப்பு மிஸ்" என்று சத்தியம் செய்து, ஒருவழியாக எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது. சம்மதம் மட்டும் கிடைக்கவில்லை. ஃபீஸுக்கு வங்கிக் கடன், மாமன்மாரின் உதவி என்று ஒரு வழி பிறந்துவிட்டது. அம்மாவின் மனசுக்குத்தான் வழி பிறக்கவில்லை. சேர்வதற்கான கடைசி நாள் நெருங்குகிறது. யோகா சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இந்த வருஷம் விட்டால் அந்தப் பிள்ளையும் கொழுந்துக்கூடையைத் தூக்கிவிடும், பிறகு யார் கூப்பிட்டாலும் இறங்காது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் நாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லெச்சுமி அக்கா தானாகவே எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். நஸீர் நானா கதிரை போட்டார். அக்கா நுனியில் உட்கார்ந்து, "எனக்குப் படிப்பு மேல கோவம் இல்லீங்க மிஸ்" என்று ஆரம்பித்தார். யோகாவைவிடச் சின்ன வயதில் ஒரு தரகர் அவரைக் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உயரமான மதில் வீடு. சில வருஷம் கழித்து அவருடைய அப்பா தேடிப்போய் மீட்டு வந்திருக்கிறார். "கடலு பக்கத்துலதான்னு சொல்லுவாங்க. சத்தங்கூடக் கேக்கும். ஒரு நா கூடப் பாக்கல." படிப்பின் நன்மைகள் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் அந்த மனுஷியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே கடையில் ஆள் கூப்பிட்டும் போகாமல் நின்றிருந்த நானாதான் பேசினார்: "அப்ப மொதல்ல நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க தங்கச்சி. புள்ள பொறகு போகலாம்."

ஒரு பிள்ளைக்கு ஒரு வேன்

கெம்பஸைப் பார்க்கப் பெற்றோரை அழைக்கும் நாளுக்கு அம்மா, அப்பா, மகள் என்று மூன்று பேருக்கு நான் சொல்லிவைத்திருந்தேன். நானாவின் மச்சானுடைய வேன் விடியும் முன்னே தோட்டத்துக்கு ஏறியது. இறங்கி வந்தபோது பார்க்கிறேன், உள்ளே மூச்சுவிட இடமில்லை. திருவிழாப் புடவையில் பெண்கள், மடிப்புக் கலையாத சட்டையில் கங்காணி, ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலங்கள். லயமே ஏறி உட்கார்ந்திருக்கிறது! கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க இவர்கள் தனியாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கெம்பஸையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கே வரவேற்க நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கொத்மலைக்கு வந்த அதே டை தம்பி. ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு வந்து நூலகக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் புத்தகம். முன்னால் போன பெண் சட்டென்று நின்று செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்தவர் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் வரிசையாக, ஜோடி பிரியாமல் இருந்தன. உள்ளே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் தலை நிமிர்ந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. டை தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு தன் சப்பாத்தையும் கழற்றினார். கால்மேஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப்பார்த்தது. அவர் என் காதருகே வந்து, "மிஸ், இவங்க எல்லாருமே சேரப்போறாங்களா?" என்று கேட்டது கங்காணிக்குக் கேட்டுவிட்டது. அவர் திரும்பிச் சொன்னார்: "சேர்றது ஒரு புள்ளதான் தம்பி. அனுப்புறது நாங்க எல்லாரும்."

தாப்பா

கடைசியாகப் பெண்கள் ஹொஸ்டல். ஆண்கள் வெளியே நின்றுகொண்டார்கள். மேட்ரன் சிங்களத்துப் பெண்மணி, கண்டிப்பான முகம். யோகாவுக்குக் கிடைக்கக்கூடிய அறையைத் திறந்து காட்டினார். கூட வந்த பெண்கள் மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். லெச்சுமி அக்கா மட்டும் எதையும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றார். யோகா என் கையைப் பிடித்திருந்தாள்.

திடீரென்று அக்கா மேட்ரனிடம் பேசினார், சிங்களத்தில். கடையில் சாமான் வாங்குகிற சிங்களம் இல்லை, தட்டுத் தடங்கல் இல்லாத கொழும்பு வீட்டுச் சிங்களம். யோகா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு இப்படிப் பேச வரும் என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நோனா, இந்தக் கதவுக்குத் தாப்பா எந்தப் பக்கம்?" என்பதுதான் அவர் கேட்டது. இப்படி ஒரு கேள்வி எதற்கு என்று மேட்ரனுக்குப் புரியவில்லை. "உள்பக்கம்தான். வெளியிலிருந்து வேறு யாரும் பூட்ட ஏலாது. சாவி பிள்ளையிடம் இருக்கும்" என்றார்.

அக்கா அறைக்குள் போனார். உள்ளே இருந்த பெண்களை வெளியே வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். தாப்பா விழும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் எல்லோரும் நடைபாதையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மேட்ரன் தட்டக் கை தூக்கினார். யோகா வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த மேட்ரனும் கையை இறக்கிவிட்டு எங்களோடு காத்து நின்றார். இத்தனை வருஷத்தில் ஒரு கதவுக்கு முன்னால் நான் இப்படிக் கும்பிடாத குறையாக நின்றதில்லை.

தாப்பா விலகியது. கதவைத் திறந்துகொண்டு லெச்சுமி அக்கா வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். "நான் சமைச்சு, அங்கேயே படுத்த குசினிக்குத் தாப்பா வெளிப்பக்கம் மிஸ். ராவுல பூட்டிட்டுப் போயிருவாங்க, அவங்க தொறந்தாத்தான் விடியும்" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். பிறகு மகளின் கையை எடுத்து அந்தத் தாப்பாமேல் வைத்தார்: "இது ஒன் கையில இருக்கு. இங்கேயே படி."

யோகா இப்போது அந்த அறையில்தான் இருக்கிறாள், நானோ, எந்தக் கெம்பஸ்காரர் வந்து கட்டடம், கொம்பியூட்டர், வெளிநாட்டுப் பட்டம் என்று அளந்தாலும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாப்பா எந்தப் பக்கம்?" என்று அவரை முழிக்க வைப்பதையே உத்தியோகமாக்கிக்கொண்டு விட்டேன்.