என் தங்கை கேட்ட ஆறாம் தேதி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இந்நினைவு மலரைக் கையில் வாங்கியுள்ள தங்கள் அனைவரையும் வணங்குகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். வளைகுடா நாட்டில், ருவைஸில் வேலை செய்த காலத்தில், ஊரிலிருந்து வருவோர் பொருள் சுற்றிக் கொண்டுவரும் பழைய பத்திரிகைகளைப் பிரித்துப் படித்து எழுத்துப் பழகியவன். பிழை காணின் பொறுத்தருள வேண்டும். என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரது வாழ்வை உள்ளது உள்ளவாறு எழுதுவது என் கடமை. தங்கையை "அவர்" என்று எழுதுவது உறவினர் சிலருக்கு விந்தையாக இருக்கலாம். உயிரோடு இருந்தவரை "இந்தா புள்ள" என்று மட்டுமே அழைத்தேன். மரியாதையை இப்போதுதான் எழுதுகிறேன்.

தங்கை பேராவூரணிக்கு அருகில் எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். தாயார் நடவுக்குப் போனதால், எட்டு வயதில் பள்ளியை விட்டு அடுப்படிக்கு வந்தார். பத்தொன்பது வயதில் மணமானது. மஞ்சள் காமாலையில் கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. நான் அப்போது ருவைஸில் பைப் ஃபிட்டராக இருந்தேன். தெரிந்தவர் மூலமாக, அங்கே ஆலையில் பணிபுரிந்த அயர்லாந்துப் பொறியாளர் ஒருவர் வீட்டில் தங்கைக்கு வீட்டுவேலை கிடைத்தது. குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஜனவரி ஆறாம் தேதி காலையில் என் கைப்பேசி அடித்தது.

"அண்ணே, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க போலருக்கு."

"என்ன தப்புப் பண்ணுன?"

"தெரியலண்ணே. கிச்சனுக்குள்ள வராதன்னு மேடம் கையப் புடிச்சு வெளிய கொண்டாந்து விட்டுட்டாங்க. சாரு பாத்திரம் கழுவுறாரு."

"எதையாச்சும் ஒடச்சியா?"

"ஒரு கரண்டிகூட ஒடைக்கல. பெட்டியக் கட்டிட்டேன், வந்துரு."

அன்று எனக்கு விடுமுறை. வாடகை வண்டி பிடித்துச் சென்றேன். பெட்டியோடு பின்வாசலில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒன் வாய்க்கொழுப்புதான் இதுக்கெல்லாம் காரணம்" என்று திட்டிவிட்டு, செய்யாத குற்றத்துக்காக அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கக் கைகூப்பி உள்ளே போனேன். அந்த ஆறடிப் பொறியாளர் பூப்போட்ட ஏப்ரன் அணிந்து, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார். "மாஃப் கரோ சார்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, பிரச்சினை ஒன்றுமில்லை என்பதை அங்கத்துக் கலப்புப் பேச்சில் சொன்னார்.

"பிராப்ளம் மாஃபி, பாய்! டுடே லேடீஸ் கிறிஸ்துமஸ்!"

அவர் மனைவி வந்து விளக்கினார். அவர் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: கிறிஸ்துமஸ் காலம் முழுதும் ஓடியாடிக் களைத்த பெண்களுக்கு, அக்காலம் முடியும் ஜனவரி ஆறாம் நாள் சொந்தம். அன்று ஆண்கள் வீட்டுவேலை முழுவதையும் செய்வார்கள். பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித் தேநீர் அருந்திப் பேசியிருப்பார்கள். அவர் நாட்டிலேயே பல ஊர்களில் இது வழக்கொழிந்துவிட்டதாம். அவருடைய தாயார் விடாமல் கொண்டாடியதால், அவர் இந்தப் பாலைவனத்திலும் விடவில்லை. "இவளும் என் வீட்டுப் பெண்தானே?" என்று தங்கையைக் காட்டிக் கேட்டார். கூப்பிய கைகளை அப்போதுதான் இறக்கினேன்.

மாலையில் இன்னொரு அயர்லாந்து வீட்டில் ஐந்து பெண்கள் கூடினார்கள். தங்கை ஆறாவதாக உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார்:

"ரெண்டு தடவ எந்திரிச்சு தட்ட எடுக்கப் போனேண்ணே. மூணாவது தடவ ஒரு வெள்ளக்கார அம்மா தோள அமுக்கி ஒக்கார வச்சிருச்சு. கைய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல எனக்கு."

"சாப்பாடு எப்புடி?"

"அதக் கேக்காத. சாரு உருளக்கெழங்க அவிச்சு அவிச்சுக் கஞ்சியாக்கிட்டாரு. ஆனா சூடா இருந்துச்சு. நான் ஆக்காத சோத்தச் சூடா தின்னு எத்தன வருசமாச்சு."

ஒன்பது ஆண்டுகள் அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைத்தது. அன்று காலை எழுந்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாராம். பின்னர் அக்குடும்பம் ருவைஸை விட்டுப் போயிற்று. தங்கை வேறு வீட்டுக்கு மாறினார். அவ்வீட்டாரும் நல்லவர்களே. அவர்களுக்கு அப்படியொரு நாள் இல்லை, அவ்வளவே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் அறையில் ஆறு ஆண்கள். முறை வைத்துச் சமைப்போம். என் மீன்குழம்புக்கு அடுத்த அறைக்காரர்களும் தட்டேந்தி வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தூக்குச்சட்டியில் தங்கைக்குக் கொண்டுபோனேன். ஒரு வாய் உண்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருண்ணே வச்சது?"

"நான்தான்."

"நீயா! வீட்ல தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டியே. அண்ணிக்குத் தெரியுமா?"

"சொன்னீன்னா, அப்புறம் நடக்குறதே வேற."

புரையேறும் வரை சிரித்தார். அந்த இரகசியத்தைக் கடைசிவரை காத்தார்.

அந்த அயர்லாந்து வழக்கத்தை ஒருமுறை அறையில் சொன்னேன். "பொம்பளைக்கு லீவு, ஆம்பளைக்கு அடுப்பா? நாமதான் அந்தப் பண்டிகைய தெனம் கொண்டாடுறோமே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். கட்டிலில் படுத்திருந்த மூத்தவர் ஒருவர், "ஊருக்குப் போனா மட்டும் நமக்கு வெந்நி வைக்கத் தெரியாது" என்றார்.

சென்ற ஆண்டு ஜனவரியில் தங்கையும் நானும் சேர்ந்தே விடுப்பில் வந்தோம். தங்கை மகளின் திருமணத்தை உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அது ஆறாம் தேதியாக அமைந்தது. முந்தின நாள் மாலை தங்கை என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, நாளைக்கு ஆறாம் தேதி."

"அதுக்கென்ன?"

"ஒரு கொழம்பு மட்டும் நீ வையேன். மத்தத ஆள் வச்சுப் பாத்துக்கலாம். நானும் அண்ணியும் ஒரு வேள ஒக்காந்து சாப்புடுறோம். கொஞ்ச நாளாவே படி ஏறுனா மூச்சு முட்டுதுண்ணே."

"மாப்ள வீட்டுக்காரன் வர்ற நேரத்துல நான் கரண்டியத் தூக்கிட்டு நிக்கவா? என்னைய என்னான்னு நெனப்பாங்க?"

"கொல்லப்பக்கம் அடுப்புக் கூட்டி வச்சா யாரு பாக்கப்போறா?"

"அது வெள்ளக்காரன் பண்டிக. அங்கேயே விட்டுட்டு வந்துரணும்."

"சரிண்ணே" என்றார்.

மறுநாள் முப்பது பேருக்கு அவரும் என் மனைவியும் விடியலிலிருந்து சமைத்தார்கள். பந்தி பரிமாறும்போது தங்கை ஒருமுறை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ரசத்தக் கொண்டா" என்றேன். அவர் கொண்டுவந்தார்.

ருவைஸுக்குத் திரும்பிய அடுத்த மாதம், துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். நான் மருத்துவமனையை அடைவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் பல மாதங்களாகவே நலிந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். "உங்களிடம் ஏதும் சொல்லவில்லையா?" என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அது பொய். இங்கே எழுதித் திருத்திக்கொள்கிறேன்.

இவ்வாண்டு ஆறாம் தேதி நான் ஊரில் இருந்தேன். அதிகாலையில் எழுந்து, மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மீன் ஆய்ந்தேன். புளி கரைத்தேன். மனைவி நிலைப்படியில் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு இதெல்லாம் எப்பலேருந்து தெரியும்?"

"அங்க வேலைக்குப் போன மொத வருசத்துலேருந்து."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மனைவி நிலைப்படியை விட்டு இறங்கினார். கொல்லைப்புறம் போய்த் துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். குழம்பு ஆறும்வரை காத்திருந்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

தங்கையின் உடல் ஊர் வந்து சேரும்வரை, தங்கள் வேலையை விட்டு அலுவலகம் அலுவலகமாக என்னோடு அலைந்து அனுமதித் தாள்கள் வாங்கித் தந்த அறைத்தோழர்களுக்கும், மருத்துவமனையில் உடலோடு இருந்து மொழிபெயர்த்து உதவிய கீழக்கரைப் பெரியவருக்கும், செய்தி கேட்டு அயர்லாந்திலிருந்து அழைத்து, பேச முடியாமல் தொலைபேசியில் அழுத அந்த அம்மையாருக்கும், தாயற்ற பெண்ணைத் தன் மகளாகவே வளர்த்த என் மனைவிக்கும் நன்றி சொல்கிறேன். மனைவியிடம் நேரில் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று இலையில் தாங்கள் உண்ட சாப்பாடு நான் சமைத்தது. வந்தவர்கள் பார்க்கட்டும் என்று அடுப்பை வாசலிலேயே மூட்டினேன். அவர் கேட்டபோது செய்திருக்க வேண்டியது.

ஐயா, அம்மையீர், இந்த மலரை நிகழ்ச்சி முடிந்ததும் எங்கேயாவது போட்டுவிடாதீர்கள். வீட்டில் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.