லோஞ்சியில் ஏறுகிற கவுண்

மகளின் கலியாணக் கவுண் கதை தொடங்கின முதல் நாள் வீட்டில் இருந்த ஆக்கள் இவ்வளவுதான். கட்டிலில் மனிசி. கட்டில் விளிம்பில் மகள். குசினி வாசலில் மச்சாள், மனிசியின் தங்கச்சி. கதிரையில் நான். மேசையில் சீனிப் போத்தலுக்குச் சாய்த்து வைத்த போனுக்குள் கொழும்பில் இருந்து ஒரு பெட்டை.

அந்தப் பெட்டையின் வேலை, கலியாணம் காட்சிக்கு ஆக்களுக்குப் பொருந்துகிற உடுப்பைத் தெரிந்து சொல்வது. கடை ஏறி இறங்கத் தேவையில்லை. போனிலேயே விசாரிப்பாள், படம் அனுப்புவாள், பிறகு பார்சல் வரும். கனடாவில் இருக்கிற மாப்பிள்ளையின் அக்கா ஒழுங்கு செய்தது. கவுண் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதனால் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு விசயத்துக்கு மட்டும் திறந்தேன். மகள் எங்கள் வீட்டில்தான் உடுத்து வெளிக்கிட வேணும்.

கலியாணம் யாழ்ப்பாணத்தில், மாதா கோயிலில். மாப்பிள்ளை பக்கத்தில் வயது போன ஆக்கள் கனபேர். ஓகஸ்ட் மாதத்துச் சோழகக் காற்றுக் கடலில் அவர்களை எங்கள் நெடுந்தீவுக்கு ஏற்றிக்கொண்டு வர ஏலாது. அது ஞாயம். ஆனால் மனிசி போன வருசம் கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தவள். கம்பி வைத்தார்கள். கதிரையிலேயே கொஞ்ச நேரத்துக்கு மேல் இருக்க மாட்டாள். கடலைக் கடக்கிற லோஞ்சிப் படகு அவளுக்குச் சரிவராது. மகள் கவுணோடு நிற்பதை அவள் பார்ப்பதென்றால் அந்தக் கட்டிலடியில்தான் பார்க்க வேணும்.

மாப்பிள்ளையின் அக்கா போனில் சொன்னா, "மாமி வீடியோவில பாக்கலாம்தானே."

மனிசி கட்டிலில் கிடந்தபடி சொன்னாள், "நான் வீடியோவுக்குப் பிள்ளை பெறேல்லை."

அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

கொழும்புப் பிள்ளை கேள்விகள் கேட்டாள். நிறம் என்ன, கழுத்து எப்படி, கை நீட்டோ கட்டையோ. மகள் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றாள். பிள்ளை என்னைக் கேட்டாள்.

"அங்கிள், அண்டைக்கு அவங்களுக்கு அந்த உடுப்பில மனசுக்கு எப்படி இருக்கணும்?"

"நனையக்கூடாது," என்றேன்.

மச்சாள் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் படங்கள் வந்தன. எல்லாம் பின்னால் நிலத்தில் இழுபடுகிற நீட்டு வால். நான் அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன்.

"இதோட ஏற ஏலாது, பிள்ளை."

"காருக்குள்ள மடிச்சு வைக்கலாம் அங்கிள்."

"காருக்கு முதல் கடல் கிடக்கு."

அவளுக்கு அது தெரியாது. ஏறுகிற இடத்தைக் காட்டச் சொன்னாள்.

அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். போனைப் பிடித்தேன். கரையில் இருந்து லோஞ்சியின் விளிம்பில் ஒரு கால் வைக்க வேணும். பிறகு உள்ளே தாழ இறங்க வேணும். காற்றுக்கு லோஞ்சி விலகும், வரும். மகள் பாவாடையோடு ஏறினாள்.

"இன்னொரு தரம் ஏறச் சொல்லுங்க அங்கிள்."

மகள் இறங்கித் திரும்ப ஏறினாள்.

லோஞ்சிக்காரன் கேட்டான், "என்ன அண்ணை, படம் எடுக்கிறியளோ? எனக்கும் ஒரு பாட்டுத் தாங்கோவன்."

"நீ கயிறைப் பிடி," என்றேன்.

போனுக்குள் பிள்ளை சிரிக்கவில்லை. "முழங்கால் இவ்வளவு உயருது. சரி. விளங்குது," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு படம்தான் அனுப்பினாள். வால் கட்டை. இடுப்புக்குக் கீழே அகலம், காலை எட்டி வைக்கலாம். பட்டு மாதிரி மினுங்கும், ஆனால் பட்டு இல்லை, தண்ணீர் பட்டால் அடையாளம் நிற்காது என்றாள். மகள் போனைத் தாயிடம் கொடுத்தாள். மனிசி கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இது," என்றாள்.

அளவு கேட்டார்கள். வீட்டில் இருந்த அளவு நாடாவை எலி கடித்திருந்தது. நான் தங்கூசியை எடுத்தேன், மீன் பிடிக்கிற நைலோன் நூல். மகளைச் சுற்றிப் பதமாகப் பிடித்து, அளவு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டு எடுத்தேன். பிறகு ஒரு நுனியைக் கதவு ஆணியில் கொளுவி, மறு நுனியை விண் என்று இழுத்து, அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வலைக்கு அப்படித்தான் அளப்போம். நூல் தொய்ந்து கிடந்தால் அளவு பொய்யாகும். எல்லா அளவையும் அப்படியே எடுத்து மகள் அனுப்பினாள்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பார்சல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. நானே போய் எடுத்து, பொலித்தீனில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மகள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் வழுகியது. இடுப்பில் ஒரு கொத்துத் துணி. கீழ்க்கரை நிலத்தில் மடிந்து கிடந்தது.

"அத்தான், ஆருக்கு அளந்தனீங்கள்? இதுக்குள்ள நானும் நிக்கலாம்," என்றாள் மச்சாள்.

மகள் சிரிக்கப் பார்த்தாள். சரிவரவில்லை. அறைக்குள் போய்விட்டாள்.

கொழும்புப் பிள்ளை எப்படி அளந்தேன் என்று கேட்டாள். ஆணியில் கொளுவி இழுத்துக் காட்டினேன்.

"அங்கிள், இப்ப கையை விடுங்க."

விட்டேன். முடிச்சு பின்னுக்கு வந்தது. நாலு விரல் அகலம் வித்தியாசம். தங்கூசி இழுபடும் என்று எனக்குத் தெரியும். மீன் கொளுவினால் நீளும், அது கைக்குத் தெரியும். அளக்கும்போது நினைக்கவில்லை.

திருப்பி அனுப்பி வேறு எடுத்தால் கலியாணம் முடிந்த பிறகுதான் வரும். மாப்பிள்ளையின் அக்கா உடனே போனில் கோல் எடுத்தா.

"மாமா, கலியாணத்துக்கு முதல் நாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. யாழ்ப்பாணத்தில பொம்பிளை சோடிக்கிற சலூன்காரர் தைச்சு, அங்கயே வெளிக்கிடுத்தி விடுவினம்."

"ஏலாது."

"பிழை உங்கட பக்கம்தானே மாமா."

"ஓம் பிள்ளை. பிழை என்ரை. ஏலாது."

போனை வைத்தேன். அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மனிசிதான் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. கவுணை இஞ்ச கொண்டாங்கோ. கத்தரிக்கோலையும்."

எங்கள் கலியாணத்துக்கு முதல் அவள் கன்னியர்மடத்துச் சிஸ்டர்மாரிடம் தையல் பழகினவள். இப்ப ஒரு பக்கம்தான் சரிந்து படுப்பாள். மகள் கட்டிலோடு ஒட்டி நிற்பாள், இடுப்பு தாயின் கைக்கு எட்டும். தோள் தைக்கும்போது முழங்காலில் நிற்பாள். போனைக் கட்டிலின் நுளம்பு வலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பின்னேரங்களில் கொழும்புப் பிள்ளை வருவாள்.

"அன்ரி, உள்பக்கத் தையலை மட்டும் பிரியுங்க. வெளித்துணியைத் தொடாதீங்க."

"தெரியும் பிள்ளை. நீர் வெளிச்சத்தை மறைக்காதையும்," என்பாள் மனிசி, போனைப் பார்த்து.

அவள் மறைக்கவில்லை. மறைத்தது மச்சாளின் தலை.

இடுப்பு நோ வந்தால் மனிசி ஊசியைத் தலையணையில் குத்திவிட்டுக் கண்ணை மூடுவாள். நாளைக்குப் பாப்பம் என்பேன். "உம்மை ஆர் கேட்டது?" என்று மகளுக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப எடுப்பாள். தோள் சரிவந்தது. இடுப்பு சரிவந்தது. கீழ்க்கரையை மடித்துத் தைத்தாள். வாலை வெட்டுவோமா என்று மச்சாள் கேட்டாள்.

"வெட்டாதை. கோயிலுக்குள்ள அது விழவேணும்," என்றாள் மனிசி. "லோஞ்சிக்கு மட்டும் தூக்கிக் குத்துவம்."

கலியாணத்தன்று விடிய மகள் வெளிக்கிட்டுக் கட்டிலடியில் வந்து நின்றாள். மனிசி பார்த்தாள்.

"திரும்பு."

திரும்பினாள்.

"நட."

குசினி மட்டும் போய் வந்தாள். துணி சரசரத்தது. மனிசி கையை நீட்டி இடுப்புத் தையலை ஒருக்கால் தடவினாள். பிறகு வாலை மடித்து மடித்து, உள்பக்கமாகச் சட்டை ஊசி குத்தினாள். முடிய என்னைப் பார்த்தாள்.

"எண்ணித்தான் குத்தினனான். ஒண்டும் குறையாமல் எனக்குத் திரும்பி வரவேணும். ஒண்டு மறந்தாலும் பிள்ளையைக் குத்தும்."

"எத்தினை?"

"கொண்டு வாங்கோ. பாப்பம். லோஞ்சியை விடப் போறான், வெளிக்கிடுங்கோ."

இறங்குதுறையில் காற்று. லோஞ்சிக்காரன் அன்றைக்குப் பகிடி விடவில்லை. கையைக் கொடுத்தான். மகள் ஒரு கால் விளிம்பில் வைத்து, ஒரே எட்டில் இறங்கினாள். கவுண் எங்கேயும் கொளுவவில்லை. நானும் மச்சாளும் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து அவளை மூடினோம். தண்ணீர் அடித்தது. என் சேட்டு நனைந்தது. அக்கரையில், குறிகட்டுவானில் இறங்கியபோது அவளின் கீழ்க்கரையில் ஒரு இடம் ஈரம். எங்களை ஏற்றின வான் வண்டி மண்டைதீவு தாண்ட முதல் அது காய்ந்துவிட்டது. அடையாளம் நிற்கவில்லை.

கோயில் பக்கவாசலில் மச்சாள் முழங்காலில் இருந்து ஊசிகளைக் கழற்றினாள். நான் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். வால் விழுந்தது. ஊசிகளைச் சேட்டுப் பையில் போட்டுத் தெறியைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பின்னேரக் கடைசி லோஞ்சியில் நான் மட்டும் திரும்பினேன். பக்கத்து வீட்டு ஆச்சி துணைக்கு இருந்தா. மனிசி முழித்திருந்தாள். சாப்பாடு எப்படி, ஆர் வந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினாள். ஊசிகளைக் கொட்டினேன். ஒவ்வொன்றாய்ப் பூட்டிப் படுக்கை விரிப்பில் வைத்து எண்ணினாள்.

"பதினேழு," என்றாள். "ஒண்டும் குறையேல்லை."