ஆர்லிஸ் க்வாலேயின் செம்புத் தோட்டாக்கள்

ஆர்லிஸ் க்வாலே இருபத்தாறு வருஷமாகப் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்துவந்தாள். நாற்பது பவுண்டுக் கட்டிகளைத் தூக்கித் தூக்கி, ஐம்பத்து நாலு வயதில் வலது தோளின் தசைநார் அறுந்துபோனது. தையல் போட்ட டாக்டர், இனி ஆலையில் லேபிள் ஒட்டுவதோடு சரி, ரைஃபிள் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப நவம்பர்ல மான் வேட்ட வந்தா நான் என்ன பண்றது டாக்டர்? உக்காந்து ஸ்வெட்டர் பின்னவா?"

"பின்னுங்களேன். தோளுக்கு நல்லது."

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மலைச்சரிவில் இருந்த அவர்கள் வீட்டில் மான்கறி பொழுதுபோக்கு இல்லை. வருஷத்துக்கு இரண்டு மான் விழுந்தால்தான் உறைபெட்டி நிறையும், குளிர்காலம் கழியும். கணவன் நார்வல் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் மேடேற முடியாது. ஆகவே கறி கொண்டுவருவது ஆர்லிஸின் பொறுப்பாக இருந்தது. ஆனால் அப்பா விட்டுப்போன ரைஃபிளில் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் தோளில் குதிரை உதைத்த மாதிரி இருக்கும்.

தோளை மாற்ற முடியாது, தோட்டாவை மாற்றலாம் என்று அவள் முடிவுசெய்தாள். வெடிமருந்துப் பொடி நிறுக்கும் தராசும், தோட்டா அழுத்தும் கைக்கருவியும் வாங்கி நிலவறையில் வைத்தாள். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அளவுக்கு அழுத்தி, அடியில் பொட்டு வெடி போன்ற பிரைமரைப் பொருத்தினாள். புத்தகம் சொன்ன எல்லைக்குள் மருந்தைக் குறைத்து, எடை குறைந்த செம்புக் குண்டாகப் பார்த்து வைத்தாள். ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறித் தூளாகும். தின்கிற கறியில் ஈயத்தூள் ஒட்டியிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. செம்பு சிதறாது.

நார்வலின் தம்பி டெல்மர் படியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மான் சுடப்போறியா, மருந்துக்கடை வைக்கப்போறியா?"

"உன் வாய்க்கு ஒரு மருந்து இருந்தா அதையும் நிறுத்து வெச்சிருப்பேன். கதவச் சாத்திட்டுப் போ, காத்து வந்தா தராசு ஆடுது."

சுலபமாக அமையவில்லை. முதல் கோடையில் குண்டுகள் குறிவைத்த காகிதத்தில் தட்டு அகலத்துக்குச் சிதறின. மருந்தை மாற்றினாள். பிறகு குண்டைக் கூட்டுக்குள் மயிரிழை ஆழமாக இறக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று தோட்டா செய்து, பக்கத்துக் கல்குவாரியில் நூறு கஜத்தில் சுட்டாள். ஒரு நாளைக்கு ஒன்பதுக்கு மேல் தோள் தாங்காது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் டெல்மர்தான் கறி கொடுத்தான். மூன்றாவது கோடையின் கடைசியில் ஒரு நாள் காகிதத்தில் மூன்று ஓட்டைகளும் ஒட்டி நின்றன. ஒரு கால் டாலர் காசை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். தோளில் வலியே இல்லை. குவாரியில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த நவம்பரில், வேட்டை தொடங்கிய முதல் சனிக்கிழமை காலையில், எட்டுக் கிளைக் கொம்போடு கொழுத்த ஆண்மான் ஒன்று ஓக் மரங்களுக்கிடையே வந்து நின்றது. ஒரே தோட்டா. பத்தடி ஓடி விழுந்தது. கறியில் ஒரு கவளம்கூட வீணாகவில்லை.

அந்தப் பக்கத்து மான்களுக்கு மூளையை அரிக்கும் நோய் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. தலையை வெட்டிப் பையில் கட்டி வனத்துறையின் சோதனைப் பெட்டியில் போட்டால் இரண்டு வாரத்தில் முடிவு வரும். அதுவரை கறியைத் தொடக் கூடாது. க்வாலே வீட்டிலும் வருஷம் தவறாமல் போடுவார்கள். ஒரு முறைகூட நோய் என்று வந்ததில்லை. அதனால் முதுகுக்கறியை மட்டும் வேட்டையாடிய அன்றைக்கே வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கித் தின்பது பழக்கமாகிவிட்டது. அன்றும் ஆர்லிஸ்தான் வதக்கினாள். களைப்பில் அவள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தையெல்லாம் நார்வல் ரொட்டியால் துடைத்துத் தின்றான்.

"மூணு வருஷம் பொடி நிறுத்தது வீண் போகலடி பொண்ணே" என்றான்.

பதின்மூன்றாம் நாள் வனத்துறையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள்.

"உங்க மானுக்கு நோய் இருக்கு மேடம். கறியச் சாப்பிட வேண்டாம்னு சொல்றோம்."

"கொஞ்சம் சாப்பிட்டுட்டமே."

"மனுஷங்களுக்கு வந்ததா இதுவரைக்கும் எங்கயும் பதிவு இல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். மனப்பாடம் செய்த வாக்கியம் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

டாக்டரும் அதையேதான் சொன்னார். உயிரோடு இருக்கிறவருக்குச் செய்துபார்க்கச் சோதனை எதுவும் இல்லை, வழக்கம்போல இருங்கள் என்றார்.

"எத்தன வருஷம் போனா ஒண்ணும் ஆகலன்னு நிம்மதியா இருக்கலாம்?" என்று நார்வல் கேட்டான்.

"அதுவும் தெரியாதுங்க."

அதிலிருந்து நார்வல் தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, தான் பாலெடுத்த பண்ணைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். மொத்தம் நாற்பத்தொன்று. ஒரு பெயர் விட்டுப்போனால் முகம் வெளுத்துவிடும்.

"ஆல்ஸ்டாடுக்கு அப்புறம் யாரு? சொல்லாத, சொல்லாத. நானே சொல்றேன்."

"அறுபத்தாறு வயசுல எல்லாருக்கும்தான் மறக்குது நார்வல். போன வருஷமும் நீ லாரி சாவியத் தேடினவன்தான்."

"போன வருஷம் மறந்தா மறந்தேன்னு விட்டுடுவேன். இப்ப அப்படி விட முடியல."

அவன் ஒருநாளும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆர்லிஸ் நிலவறைக்குப் போய் மறுபடி பொடி நிறுத்தாள். அந்த மேசையில் கேட்ட கேள்விக்குக் குவாரியில் பதில் கிடைத்தது, மேலே வீட்டில் எந்தக் கேள்விக்கும் கிடைக்கவில்லை. இன்னும் துல்லியமாக்க வேண்டிய தேவையே இல்லாத தோட்டாவை அந்த வருஷம் முழுக்கத் துல்லியமாக்கினாள்.

அடுத்த நவம்பரில் ஒரு பெண்மான் விழுந்தது. இந்த முறை எதையும் வதக்கவில்லை. முடிவு வந்தது: நோய் கண்டறியப்படவில்லை. அந்தக் காகிதத்தை நார்வலின் முன்னால் வைத்துவிட்டு, முதுகுக்கறியை எடுத்து வதக்கி, தட்டில் போட்டாள்.

அவன் காகிதத்தை இரண்டு முறை படித்தான். "கண்டறியப்படலன்னுதான் போட்டிருக்கான். இல்லன்னு போடலயே."

"அவங்க எப்பவும் அப்படித்தான் எழுதுவாங்க."

"நீ சாப்பிடு ஆர்லிஸ். எனக்கு முட்டை போதும்."

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். உப்பு, வெண்ணெய், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க முடியவில்லை. எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் துப்பினாள். நார்வல் பார்க்காதது போல முட்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

டெல்மரிடம் கொடுக்கலாம் என்றால் அவனும் தலையைச் சொறிந்தான். "உங்க வீட்டுக் கறின்னா என் பொண்டாட்டி கதவத் திறக்க மாட்டா. தப்பா எடுத்துக்காத." ஏப்ரல் மாதம் உறைபெட்டியைக் காலிசெய்து, நோயில்லாத அந்த மானையும் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இனி வேட்டை இல்லை என்றானபின் மிச்சம் அறுபத்திரண்டு தோட்டாக்கள் இருந்தன. விற்க அவளுக்கு மனமில்லை. கையால் செய்த தோட்டாவை அடுத்தவர் துப்பாக்கியில் போடச் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. ஒவ்வொன்றாகச் சுத்தியல் போன்ற பிரிப்பானுக்குள் வைத்து மரக்கட்டையில் ஓங்கித் தட்டினாள். மூன்று தட்டுக்கு ஒரு குண்டு கழன்றது. இருபதுக்கு மேல் தோள் விண்விண்ணென்று தெறித்தது.

நார்வல் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக நிலவறைக்குள் இறங்கி வந்தான். "நகரு. நான் தட்டறேன்."

"உன் முழங்காலுக்கு நிக்க முடியாது."

"ஸ்டூலப் போடு. உக்காந்து தட்டறேன். எனக்கு வேற என்ன வேல இருக்கு?"

அவன் தட்டினான். அவள் செம்புக் குண்டுகளைக் காபி டப்பாவில் சேர்த்தாள். வெடிமருந்தைக் கிண்ணத்தில் அள்ளிக் கொண்டுபோய் ருபார்ப் செடிப் பாத்தியில் உரமாகத் தூவி மண்ணைக் கிளறிவிட்டாள்.

அடுத்த நவம்பரின் முதல் சனிக்கிழமை, ஆர்லிஸ் ஆலையில் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். லேபிள் ஒட்டுகிற இடத்தில் அன்று அவளும் இன்னொரு பெண்ணும் மட்டுந்தான். வெளியே மேடு முழுக்க வெடிச்சத்தம். வீட்டுக்கு வந்தபோது நார்வல் அடுப்பில் கோழியைப் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு எத்தன பண்ணை?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு" என்றான். அவள் கோட்டைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தாள்.