ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டைகள்

ஆற்றைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லி சலவைக்கடை அக்காவைப் பாராட்டு விழா மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவருடைய நாத்தனார். பத்து வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே.

பத்து வருஷத்துக்கு முன்னால் கடையில் துவைப்பது நாத்தனாரின் வேலை. ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளை உடுப்பெல்லாம் பழுப்பேறித் திரும்பின. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அக்கா அவளைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"கை தொட்டியில, கண்ணு தெருவுல! பின்ன துணி எப்படி வெளுக்கும்?"

"தண்ணிதான் அண்ணி சரியில்ல."

"ஆமாமா, உனக்குப் பழிபோட யாராவது கிடைக்கணும். இன்னிக்குத் தண்ணி மாட்டிக்கிச்சு."

மறுநாளிலிருந்து நாத்தனார் தினம் ஒரு புதுக் கைக்குட்டையைச் சோப்புப் போடாமல், ஆற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தாள். துணிக்குக் குறிபோடும் மையால் அதில் தேதி எழுதி, கடை வாசல் கம்பியில் காயப்போட்டாள். மூன்று வாரத்தில் இருபத்தோரு கைக்குட்டைகள். பதினெட்டு பழுப்பு. மூன்று மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்த மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். ஆற்றோரத் தோல் ஆலைக்கு விடுமுறை நாள்.

துணி வாங்க வந்த நர்ஸ் ஒருத்தி தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் படமெடுத்துப் போனாள். அடுத்த வாரம் தெரு முழுக்கத் தேதி போட்ட வெள்ளைத் துணிகள். ஆறு மாதத்தில் ஆற்றோர ஊர்களிலெல்லாம். கழிவைச் சுத்தம் செய்யாமல் ஆலையால் ஆற்றில் திறந்துவிட முடியாமல் போயிற்று. பத்திரிகைக்காரர்கள் கடையைத் தேடி வந்தபோது நாத்தனார் அங்கே இல்லை.

"நம்ம கடையிலதான் ஆரம்பிச்சுது" என்றார் அக்கா. போகப்போக அந்த 'நம்ம கடை' தேய்ந்து 'நான்' ஆகிவிட்டது.

இப்போது ஒலிபெருக்கியை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

"அது நான் இல்லீங்க. அங்க உக்காந்திருக்கா பாருங்க, என் நாத்தனார், அவதான்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. "என்ன பெரிய மனசு!" என்று விழாத் தலைவர் உருகினார். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்குமா பாராட்டு!

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடை பேரு கெடுதுன்னு அந்தக் கைக்குட்டையையெல்லாம் நான்தான் அவுத்துப் போட்டேன். இவளையும் வேலையை விட்டு அனுப்பினேன்."

நாத்தனார் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவுத்துப் போடல அண்ணி. அடுப்புல போட்டீங்க. நான் உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

அக்கா தலை நிமிராமல் "ஆமா" என்றார். அத்தனை மெதுவாகச் சொன்னதையும் ஒலிபெருக்கி கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.