வந்து சேர்ந்தா அடிக்கிற மணி

கல்யாணமாகி சிதம்பரம் போனதுலேருந்து என் பொண்ணுக்கு ஒரு பழக்கம். அவளுக்கு வேலை சீர்காழியில. சாயந்தரம் பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுக்குள்ள கால் வெச்சதும் எனக்குப் போன் போட்டு, "வந்துட்டேன்மா"ம்பா. எங்க குடும்பத்துல யாரு எங்க போனாலும் போய்ச் சேந்ததும் சொல்லிடணும், அது எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம். அவர் போய்ச் சேந்துட்டார், சட்டம் மட்டும் இருந்துச்சு. வந்துட்டேன்மான்னு ஆரம்பிச்சா, பஸ்ல எடம் கெடைக்கல, ராத்திரிக்கு உப்புமாதான்னு பேச்சு எங்கெங்கயோ போகும். கடலூர்ல, மஞ்சக்குப்பத்துல தனியாக் கெடக்குற எனக்கு அன்னன்னிக்கு மனுஷக் குரல்னு காதுல விழுந்தது அது ஒண்ணுதான். பால்காரர்கூட பாக்கெட்டை கேட்டுல மாட்டிட்டுப் போயிடறார்.

போன ஐப்பசி மழையில ஒருநாள் போன் வரல. நான் கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப். டிவியில வேற, அவ பஸ் தாண்டி வர்ற கொள்ளிடத்துல வெள்ளம்னு ஓடிக்கிட்டு இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை அவ நம்பரையே அழுத்திக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து அவர் போன்லேருந்து கூப்பிட்டப்பறம்தான் தெரிஞ்சுது, மழையில நனைஞ்சு அவ போன் அணைஞ்சிருக்கு. அவ டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பிடிச்ச பிடியில மாப்பிள்ளை, "அத்தை, யாரு எங்க இருக்காங்கன்னு காட்டுற ஆப் ஒண்ணு மூணு பேர் போன்லயும் போட்டுக்கலாம். எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க"ன்னார்.

நானே பாத்துச் சொன்னேன். அதுதான் வெனை.

மொதல்ல போட்டது, பொண்ணைக் கொள்ளிடம் ஆத்துக்கு நடுவுல நிறுத்தி வெச்சிடுச்சு. பஸ் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கு, இது நகரவே இல்ல. அது என் உசிரை வாங்கினதுல அன்னிக்கே அழிச்சாச்சு. அடுத்தது வண்டி என்ன வேகத்துல போவுதுன்னுகூட காட்டும். "ஏன் மாப்பிள்ள, பைக்ல இவ்ளோ வேகமாவா போறது?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். மனுஷன் முகம் சுருங்கிட்டார்னு பொண்ணு சொன்னா. அதுவும் போச்சு. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சுது. யாரு எங்க இருக்காங்கன்னு மேப்புல போட்டோவோட காட்டும், வேகம் கீகம்னு வேற ஒண்ணும் தொந்தரவு கெடையாது. அவங்கவங்க வீட்டுக்குள்ள வந்து சேந்தா மத்தவங்க போன்ல மணி அடிக்கும். பொண்ணு போட்டோவைப் போட்டு, "வீட்டுக்கு வந்தாச்சு"ன்னு எழுத்து வரும். இதே இருக்கட்டும்னுட்டேன்.

மறுநாள் சாயந்தரம் மணி அடிச்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. இப்போ கூப்பிடுவா, இப்போ கூப்பிடுவான்னு போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ கூப்பிடல. அடுத்த நாளும் அதே கதைதான். ஏன்டின்னு கேட்டா, "அதான் மணி அடிச்சிருக்குமேம்மா"ங்கிறா. நியாயம்தான். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்.

நீயே கூப்பிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கூப்பிட்டா, "என்னம்மா, ஏதாவது அவசரமா?"ங்கிறா. அவசரம் ஒண்ணும் இல்லடி. உன் குரலைக் கேக்கணும்னு இருக்குன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. "சும்மாதான்"னு வெச்சிடுவேன்.

வைகாசியில ஒரு ஞாயித்துக்கெழமை. பண்ருட்டி பலாப்பழம், சுளை தேனாட்டம் இருந்துச்சு. அவளுக்குப் பலான்னா உசிரு. டப்பாவுல எடுத்துக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம சிதம்பரம் பஸ் ஏறிட்டேன். நேரா வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் ஒரு வீம்பு. நான் சிதம்பரத்துல இருக்கேன்னுதான் போன்ல தெரியுதே, அவளாப் பாக்கட்டும், "என்னம்மா இங்க இருக்க, வா வா"ன்னு அவளாக் கூப்பிடட்டும், அப்பறம் போவோம்னு கோயில் கீழ சன்னதித் தெருவுல ஒரு பூக்கடை ஓரமா உக்காந்துட்டேன்.

போனைத் தொறந்து பாத்தேன். கோயிலுக்கு இந்தப் பக்கம் என் போட்டோ, அந்தப் பக்கம் அவ போட்டோ. வெரலால மேப்பைச் சின்னதாக்கினா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து ஒட்டிக்குது. பெருசாக்கினா பிரிஞ்சிடுது. அதையே பண்ணிக்கிட்டு இருந்தேன். வெயில் ஏறுச்சு. பூக்காரம்மா, "யாருக்காவது காத்திருக்கியாக்கா?"ன்னு கேட்டுது. ஆமான்னேன். "போன் பண்ணிப் பாக்குறதுதானே?"ன்னுது. அதுகிட்ட என்னன்னு சொல்றது. உச்சி வெயிலுக்கு நடை சாத்தி ஜனமெல்லாம் கலைஞ்சு போச்சு. நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிட்டேன். கண்ணு கலங்குனதை வெயில்னு சொல்லிக்கிட்டேன்.

மஞ்சக்குப்பத்துல வீட்டைத் தொறந்து உள்ள போனதும் அங்க அவ போன்ல மணி அடிச்சிருக்கும். அவகிட்டேருந்து கட்டை விரல் படம் ஒண்ணு வந்து விழுந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கல. போன் போட்டேன்.

"வந்துட்டேன்டி"ன்னேன்.

"தெரியும்மா, இப்பதான் மணி அடிச்சுது. அடுப்புல வேலையா இருக்கேன், வெச்சிடட்டுமா?"

"சரி, வெச்சிடு"ன்னேன்.

எங்க போயிருந்தேன்னு அவ கேக்கல. கேட்டாச் சொல்றதுக்கு, இங்க பக்கத்துல திருவந்திபுரம் கோயிலுக்குன்னு ஒரு பொய்யைத் தயாரா வெச்சிருந்தேன்.