முதுகைக் காட்டாத கணக்கு டீச்சர்

எங்கள் கணக்கு டீச்சர் யாரையும் நம்ப மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவர், திரும்பிப் போய்ப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் அறிவியல் பாடம் எடுக்கிறேன். நான் நீட்டும் தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தேர்வு அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். இருபத்திரண்டு ஆண்டில் அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டி யாரும் பார்த்ததில்லை. கரும்பலகையில் எழுதுவதும் பக்கவாட்டில் நின்றுதான். யார் என்ன விடை சொன்னாலும் "நிச்சயமா?" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் அதுதான்.

இப்படிப்பட்டவர் கையில் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். திரையில் ஒரு தராசு வரும். இரண்டு தட்டிலிருந்தும் எடைகளை மௌஸால் இழுத்துக் குறைத்து, எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மதிப்பெண்ணை அதுவே போட்டுவிடும்.

"அது போடுமாம், நான் நம்பணுமாம்" என்றார் என்னிடம்.

ஆண்டு முடிவில் தலைமையாசிரியை ஓர் அறிவிப்பு ஒட்டினார். மென்பொருள் தேர்வில் ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு அடுத்த ஆண்டு கணிதப் பிரிவு கிடையாது; பட்டியல் வெள்ளிக்கிழமை வரும். பத்தாம் வகுப்பில் 'ரப்பர்' என்று ஒரு பெண். எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர். நோட்டில் ஒரு கணக்கும் தப்பாக இருக்காது. கணிதப் பிரிவு தவிர வேறெதையும் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வந்திருந்தது.

டீச்சருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதல் சந்தேகம் பிள்ளை மேல்தான். "நோட்டை அக்கா போட்டுத் தர்றாளோ?" என்று கூப்பிட்டு, கரும்பலகையில் மூன்று கணக்கு கொடுத்தார். மூன்றும் சரி. உடனே சந்தேகம் மென்பொருள் மேல் தாவியது. கம்ப்யூட்டர் அறையில் தாமே உட்கார்ந்து இருபது கேள்விக்கும் பதில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி, நூற்றுக்கு நூறு. சந்தேகம் மறுபடி பிள்ளையிடமே வந்து நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம்ங்க, அழுதுடுவா. எத்தனை தடவைதான் சோதிப்பீங்க?"

"உங்களுக்கென்ன இவ்வளவு அக்கறை?" என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை, ரப்பரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பின்னால் நின்றார். நானும் போனேன். பிள்ளையைத் தனியாக விட மனமில்லை. அவள் எடைகளை இழுத்தாள். ஏழு என்று போட்டாள். சரியான விடை. ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. தாளை எடுத்து, எக்ஸுக்குப் பதில் ஏழை வைத்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தாள். சமம். இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குள் திரை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"ஏன் அழுத்தலை?"

"சரிபார்த்துட்டு இருந்தேன் டீச்சர்."

"அது தானா மாறுதுன்னு ஏன் சொல்லலை?"

"என் மேலதான் தப்புன்னு நெனச்சேன். நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ரெண்டு தடவை போட்டுப் பார்க்காம விடை சொல்லக் கூடாதுன்னு."

டீச்சர் முகம் மலர்ந்தது. மென்பொருள்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! அங்கேயே போன் போட்டார்.

"அந்த நேரத்தை நாங்க வைக்கலை மேடம்," என்றார் அவர். "ஆரம்பத்துல ஒரு படிவம் கொடுத்தோம். அதுல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"நானா? அனுப்புங்க, பார்ப்போம்."

படம் வந்தது. எனக்கும் தெரிந்த கையெழுத்துதான். 'ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி மட்டும். அதற்கு மேல் விட்டால் பக்கத்துத் திரையைப் பார்த்து எழுதுவார்கள்.' 'மட்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை பட்டியல் வரவில்லை. மறுதேர்வு என்று அறிவிப்பு வந்தது.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்கக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தது. நானும் வாசலில் நின்றேன். "போன தேர்வுல தப்பு நடந்துச்சு. தப்பு என்னோடது," என்றார் டீச்சர். பிறகு ரப்பரைப் பார்த்து, "உன்னைச் சந்தேகப்பட்டேன். அதுவும் தப்பு," என்றார்.

ரப்பர் மெல்லக் கை தூக்கினாள். "இப்ப எவ்வளவு நேரம் டீச்சர்?"

"உனக்கு வேணுங்கிற அளவு."

"நிச்சயமா?"

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் ஜன்னல் பக்கம் நடந்து போய், தேர்வு முடியும் வரை, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார்.